சஹனில் விழுந்த பொசிட்டிவ்

வெள்ளி, இரவு.

தங்கையின் கணவர், என் அருமை மச்சான், தன் மகளின் கலியாணத்தை நிறுத்திவிட்டார். இன்று சொந்தக்காரர் ஒருவரின் வலீமா கலியாண விருந்தில், நாங்கள் நால்வர் ஒரே சஹன் தட்டில் கை வைத்திருந்தபோது அறிவித்தார். ஆஸ்பத்திரியில் ஆண் தாதியாக இருக்கும் மாப்பிள்ளைக்கு ஹெபடைடிஸ் பி இரத்தப் பரிசோதனையில் பொசிட்டிவாம்.

“நம்மட ஊட்டுலதானே வந்து இருக்கப்போறாரு. நோயோட எப்படி மாப்பிள்ள எடுக்கிற?”

அந்த ரிப்போட்டை நானும் பார்த்தேன். கிருமி இல்லை, தடுப்பூசியால் உண்டான, நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிதான் இருக்கிறது. அந்தப் பொடியனுக்கு இனி அந்த நோய் தொற்றாது என்று விளக்கினேன்.

“ஓம் மச்சான், நீங்க லேப்ல இருக்கிற ஆள். ஆனா பொசிட்டிவ் எண்டுதானே போட்டிருக்கு?”

“அதே ஊசி நானும் போட்டவன். எனக்கும் அதே பொசிட்டிவ்தான்.”

அவர் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. எல்லாப் பெருநாளும் என் பக்கத்திலிருந்து தின்றவர், எழுந்து போனார். மற்ற இருவருக்கும் அதே நேரத்தில் வயிறு நிறைந்துவிட்டது. நால்வரின் இறைச்சியையும் நான் ஒருவனே தின்றேன். பிழை சொல்ல முடியாத சமையல்.

சற்றுமுன் மருமகள், அந்தக் கலியாணப் பெண், போனில் அழைத்தாள்.

“வாப்பாக்கு விளங்கப்படுத்தினீங்களா மாமா?”

“ஓம்.”

“என்ன சொன்னாரு?”

“பசியில்ல எண்டு எழும்பிட்டாரு.”