மனுவில் எழுதாத கிணறு

1979 ஜூலை 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. ஆடி பிறக்கவே இல்லை, அதற்குள் இந்தப் பாடு. கொடியில் காயப்போட்ட சேலை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். அதை எடுத்து வருவதற்குள் நேரமாகிவிட்டது.

பள்ளிக்குப் போகும் வழியில் தபால் ஆபீஸ். அப்பாவின் மனு பதிவுத் தபாலில் போய்விட்டது. கெடு நாளை மறுநாள். தப்பித்தோம்.

விவரம் எழுதி வைக்கிறேன். செந்துறைப் பக்கம் எங்கள் ஊர் வழியாகச் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் புது ரோடு வருகிறது. எடுக்கப்போகும் வயல்களின் பட்டியலை ஊரில் ஒட்டிவிட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் அரியலூரில் உள்ள தனி தாசில்தாருக்கு எழுத வேண்டும். அப்பாவின் ஒன்றரை ஏக்கரும் பட்டியலில். பாதி வாழ்நாள் அடுத்தவர் வயலில் கூலி வேலை. அப்புறம்தான் சர்க்கார் பட்டா கிடைத்தது. அதில் மூன்று கோடை வெட்டிய கிணறு. அம்மா மண் சுமந்தாள், லீவு நாளில் நானும்.

நேற்று ஊரில் வைத்து எழுதினேன். அப்பா சொன்னது ஒன்றுதான்.

“கெணறு இருக்குன்னு மொதல்ல எழுதும்மா. கோடையிலயும் தண்ணி நிக்குதுன்னு எழுது. அது போதும்.”

எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். கண்ணீர்க் கதை எல்லாம் ஆபீஸில் எடுபடாது, சட்டம் பேச வேண்டும் என்றேன். மூன்று பக்கம். சொத்துரிமை இந்தியக் குடிமகனின் அடிப்படை உரிமை என்று தொடங்கி. படித்துக் காட்டினேன். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, முகமெல்லாம் சந்தோஷம். கட்டைவிரல் மையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பதில் வர என் பள்ளி முகவரி.

பக்கத்து வயல் சின்னசாமி அண்ணன், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவரிடம் அரைப் பக்கம் எழுதி வாங்கினாராம். பாவம் என்று நினைத்தேன்.

ஜூலை 11, புதன்

10-பி. குடிமையியல். அடிப்படை உரிமைகள் ஏழு. கரும்பலகையில்: சமத்துவம், சுதந்திரம், சுரண்டலுக்கு எதிரானது, சமயம், பண்பாடும் கல்வியும், சொத்து, அரசியலமைப்புத் தீர்வு. சாக்பீஸ் ஈரம், எழுத்தே விழவில்லை.

இரண்டாம் பெஞ்சு செல்வி எழுந்தாள். “டீச்சர், சொத்தே இல்லாதவங்களுக்கு ஆறுதானா?”

வகுப்பு சிரித்தது. எல்லாருக்கும் ஏழுதான், உட்கார் என்றேன். கேள்வி கெட்டிக்காரத்தனமாக இருந்ததால் கொஞ்சம் எரிச்சல்.

மண்ணெண்ணெய் வரிசை, பாதியில் தீர்ந்துவிட்டது.

ஜூலை 17, செவ்வாய்

பிரதமர் ராஜினாமா. ஆசிரியர் அறையில் டீ ஆறும்வரை டில்லி. யார் வந்தாலும் நமக்கென்ன என்று கணக்கு வாத்தியார். நான்தான் அதிகம் பேசினேன். குடிமையியல் டீச்சர் அல்லவா.

பதில் இன்னும் இல்லை.

ஜூலை 26, வியாழன்

பதில் வந்தது.

ஹெச்.எம். உறையைப் பிரித்தே கொடுத்தார். பள்ளி முகவரிக்கு வந்ததால் பள்ளிக் கடிதம் என்று நினைத்தாராம். மனு தள்ளுபடி. காரணம் இரண்டு வரி: குறிப்பிட்ட உரிமை தற்போது அடிப்படை உரிமை அல்ல, நிலம் குறித்து வேறு ஆட்சேபம் ஏதும் சொல்லப்படவில்லை.

“என்ன டீச்சர், அடிப்படை உரிமை ‘அல்ல’ன்னு போட்டிருக்கான்?” என்றார். ஏதோ அச்சுப் பிழை மாதிரி கேட்டார். பார்க்கிறேன் சார் என்றேன். அடுத்த பீரியட் 10-ஏ, பொருளியல். உற்பத்திக் காரணிகள் நான்கு. நிலம், உழைப்பு, மூலதனம், அமைப்பு. நிலம் இயற்கையின் கொடை, அதைக் கூட்ட முடியாது. சொல்லிக்கொண்டே போனேன். வாய் பழக்கம்.

ஜூலை 27, வெள்ளி

அரை நாள் லீவு. தனி தாசில்தார் ஆபீஸ். வெயில், செருப்பு வார் அறுந்தது, இழுத்துக்கொண்டே நடந்தேன்.

தாசில்தார் மரியாதையான ஆள். அதுதான் இன்னும் கஷ்டம். உட்காரச் சொல்லி ஃபைலை எடுத்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். ஆனா சொத்துரிமைய அடிப்படை உரிமையிலேருந்து எடுத்தாச்சு. போன மாசம் இருபதாம் தேதியோட. இப்ப அது சாதாரண சட்ட உரிமதான்.”

பாடப் புத்தகத்தில் இருக்கிறதே என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. பின்னால் ஒரு கிளார்க் குனிந்துகொண்டான்.

அவர் சொன்னது: அது அடிப்படை உரிமையாக இருந்த காலத்திலும் பொதுக் காரியத்துக்கு நிலம் எடுக்கலாம், அதனால் அது பெரிய விஷயமில்லை. கிணறு இருக்கிறது என்று எழுதியவர்கள் வயலை மட்டும் நேரில் போய்ப் பார்த்தார்கள். நான்கு வயலை விட்டுவிட்டு ரோட்டை வளைத்துவிட்டார்கள். சின்னசாமி அண்ணன் வயல் தப்பித்தது. வளைத்த ரோடு அப்பாவின் வயலில் இன்னும் கொஞ்சம் உள்ளே வருகிறது. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தின் அடங்கல் பதிவேட்டில் வெறும் புஞ்சை என்றே இருக்கிறது. கிணறு வெட்டியதை அப்பா கர்ணத்திடம் பதியவே இல்லை, பதிய வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

கிணறு இருக்கிறது சார், இப்போது சொல்கிறேன் என்றேன்.

“கெடு முடிஞ்சிடுச்சிங்க. ரோட்டுப் படம் மேலிடத்துக்குப் போயிடுச்சி. ஒரு வரி எழுதியிருந்தா நானே வந்து பாத்திருப்பேன்.”

ஒரு வரி. எழுதி அடித்த வரி.

அதே நாள், சாயங்காலம்

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சொத்துரிமைப் பத்திக்கு அடுத்த பத்தியிலேயே இருக்கிறது: பொது நோக்கத்துக்காக அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். வருடா வருடம் பரீட்சைக்கு முக்கியமில்லை என்று தாண்டும் பத்தி. பென்சிலால் பெருக்கல் குறி, என் கையால் போட்டது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். இந்த உரிமையை எடுக்கப் போகிறார்கள் என்று போன வருடமே பேப்பரில் படித்தேன். ஜமீனும் மிராசும் இதை வைத்துத்தானே கோர்ட்டுக்குப் போனார்கள், ஒழியட்டும் என்று ஆசிரியர் அறையில் பேசியவளே நான்தான். எடுத்தாகிவிட்டதா என்று பார்க்கத் தோன்றவில்லை. புத்தகத்தில் ஏழு இருந்தது, எனக்கு அது போதும். எங்களுக்கும் ஒன்றரை ஏக்கர் இருப்பது அப்போது நினைவில்லை. என் வயலுக்கு வந்ததும் அதே உரிமையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 29, ஞாயிறு

ஊர். பஸ்ஸில் நின்றுகொண்டே. அப்பா கிணற்று மேட்டில் இருந்தார், கத்தரிக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அங்கேயே சொன்னேன். எல்லாவற்றையும், அடித்த வரியையும்.

மண்வெட்டியை எடுத்து அடுத்த பாத்திக்கு மடையைத் திருப்பிவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“ஏழுல ஒண்ணு போச்சி. மிச்சம் ஆறு இருக்குல்ல? அதுல ஒண்ண வச்சி எழுத முடியாதா பாப்பா?”

பதில் தெரியும். கடைசி உரிமை, கோர்ட்டுக்குப் போகும் உரிமை. மெட்ராஸில் ஹைகோர்ட், வக்கீல். திருச்சியைத் தாண்டாத மனிதரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. முடியாதுப்பா என்றேன்.

அம்மா சோறு போட்டாள். வழக்கமாகக் கிளம்பும்போது கத்தரிக்காய் கட்டிக் கொடுப்பாள், இன்றைக்கும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன். சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 1, புதன்

ஹெச்.எம்.மிடம் போனேன். பாடத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும், ஆறு என்று.

“புத்தகத்துல ஏழு. பேப்பர் திருத்துறவர் புத்தகத்தத்தான் வச்சிருப்பாரு. புள்ளைங்க மார்க்குக்கு யாரு பொறுப்பு? ஏழுன்னே இருக்கட்டும் டீச்சர்.”

ஒரு விதத்தில் அவர் சொல்வது சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.

10-பியில் திருப்புதல். ஏழையும் சத்தமாகச் சொன்னார்கள், சொத்து என்று சொல்லும்போது எல்லாக் குரலும் ஒன்றாக. செல்வி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவுக்கும் எங்கள் பக்கம்தான் கூலி வேலை. அவளிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, வியாழன்

தலைவலி. கால் பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயார் செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை. சுதந்திர தினத்துக்கு நான் பேச வேண்டுமாம், தலைப்பு ‘குடிமகனின் உரிமைகளும் கடமைகளும்’. தொண்டை சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். தமிழய்யா பேசுவார், அவருக்குத் தொண்டை எப்போதும் சரி.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

தூறல். ஊருக்குப் போனேன். கிணற்றைச் சுற்றி வெள்ளை அடித்த கல் நான்கு. அப்பா வயலில் இல்லை, சின்னசாமி அண்ணன் வயலில் களை வெட்டப் போயிருந்தார். கூலிக்கு. பக்கத்தில் போகவில்லை. வரப்பிலிருந்தே திரும்பிவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் சின்னசாமி அண்ணனின் சம்சாரம் அஞ்சலையக்கா. நகர்ந்து இடம் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு உண்மையிலேயே மனசு தாங்கவில்லை.

“ஒங்கப்பா மனுவே போடலியாமே. நாளு மறந்துட்டேன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு திரியிறாரு. ஊரே காறித் துப்புது அவர. டீச்சர் புள்ளய வூட்ல வச்சிக்கிட்டு, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ எழுதிக் குடுத்திருப்பல்ல?”

ஆமாக்கா, எழுதிக் கொடுத்திருப்பேன் என்றேன்.