உன் வண்டியின் பல்லைப் பிடுங்கிய கதை

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து இருக்கிற நான்கு முழங்கால்களில் மூன்று சௌக்கியம், நான்காவதும் தேறி வருகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, அங்கே குளிர் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று விவரமாக எழுது. முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அம்மா போனில் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்லியிருப்பாள். போன மாதம் பெரிய சிக்னலில் உன் வண்டியோடு நின்றிருந்தேன். பச்சை விழுந்ததும் மிதித்தேன், வண்டி தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை மாதிரி முனகிக்கொண்டு நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தேன், யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி பாய்ந்தது, பாய்ந்த வேகத்தில் மூச்சுப் பிடித்துக்கொண்டது, மறுபடி பாய்ந்தது. இப்படி மூன்று தவளைப் பாய்ச்சல் பாய்ந்து நாற்சந்தி நடுவில் அணைந்தே போய்விட்டது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர், உன் வயதுதான் இருக்கும், ஜன்னலில் குனிந்து, "ஐயா, வண்டி பழகுறீங்களா? எல் போர்டு மாட்டலையே" என்றார். முப்பத்து நான்கு வருஷமாக ஓட்டுகிறேன் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா முந்திக்கொண்டு, "இன்னிக்குத்தான் தம்பி முதல் வகுப்பு" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த முட்டைத் தட்டை என் மடியில் வைத்துவிட்டு இறங்கி, நொண்டிக்கொண்டே போய் பஸ் ஏறிவிட்டாள். எனக்கு முன்னால் வீட்டுக்கும் வந்துவிட்டாள். முப்பது முட்டையில் பதினொன்று பிழைத்தது.

குற்றவாளி நான்தான், ஒப்புக்கொள்கிறேன். உனக்கு அந்தக் கிழட்டு டர்போ வண்டி நெடுஞ்சாலையில் பறக்க வேண்டும், அதற்கேற்ற மாதிரி முடுக்கி வைத்துவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய். எனக்கோ அது கடைத்தெருவில் என் பிளம்பிங் குழாயும் எல்போவும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போக வேண்டும். மெதுவாகப் போனால் இழுக்கவே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தேன், டர்போ எஞ்சினுக்குள் திணிக்கிற காற்றின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க நீ மாட்டிய பித்தளை வால்வு கண்ணில் பட்டது. நான் வீடு வீடாக மாட்டுகிற வால்வுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லையென்றால் அழுத்தத்தைக் கூட்டு என்பது பிளம்பர் புத்தி. இரண்டு சுற்று கூட்டிவிட்டேன். அளவுக்கு மீறிக் காற்று போனால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பெட்ரோலை நிறுத்திவிடுமாம், அதுதான் அந்தத் தவளைப் பாய்ச்சல். இது பிறகு தெரிந்தது. தெரிய வேண்டியதெல்லாம் எனக்குப் பிறகுதானே தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள், மூன்று வாரம் இருந்தது. வலியில் படுக்க முடியாமல் பாதி ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், எதிரில் நானும் விழித்திருப்பேன், அவள் என்னைத் தூங்கப் போகச் சொல்லித் திட்டுவாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது கால் குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கூட்டிவருகிறேன் என்றேன். அவள், டாக்ஸியில் வருவேன், காய்கறி வண்டியில் வேண்டுமானாலும் ஏறி வருவேன், குதிரை ஏற எனக்கு வயதில்லை என்றாள். நீ வேறு போனில், அதை விற்றுத் தொலைத்துவிட்டு அப்பாவுக்கு ஒரு சாதுவான வண்டி வாங்கிக் கொடும்மா என்று எண்ணெய் வார்த்தாய். கடைசியில் ஓர் உடன்பாடு. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ரத்தப் பரிசோதனைக்கு அவளை நான் கூட்டிப்போக வேண்டும், ஒரே ஒரு குலுக்கல் வந்தாலும் வண்டியை எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும். அவர் அன்றைக்கே வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேரே 'அவசர'த்திடம் போனேன். உனக்குத் தெரியாது, நீ போன பிறகு தெரு மூலையில் மெக்கானிக் பட்டறை போட்டவர், எதையும் நிதானமாகச் செய்வதால் அந்தப் பெயர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, குழாயில தண்ணி கம்மியா வந்தா நீங்க மொதல்ல என்ன பாப்பீங்க?" என்றார். கசிவு இருக்கிறதா என்று பார்ப்பேன் என்றேன். அவர் என் கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பிறகு அவர் காற்றை ஏற்ற, நான் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக ரப்பர் குழாய்களில் தடவிக்கொண்டே போனேன், நம் தொழில் அல்லவா, மூன்று இடத்தில் நுரை கட்டியதை நானே கண்டுபிடித்தேன். வெடித்த குழாயை மாற்றி, கிளிப்பெல்லாம் புதிதாகப் போட்டதும் குறைந்த வேகத்திலேயே வண்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் பாய்ச்சல் முழுக்க அடங்கவில்லை. அழுத்தத்தை இறக்கியே ஆகவேண்டும் என்றார். நான் கூட்டிய இரண்டு சுற்றை மட்டும் இல்லை, நீ கூட்டியதையும்தான். பாப்பா, இங்கேதான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உன் வண்டியின் பல்லை நான்தான் பிடுங்கினேன். பழைய வால்வு நிலையை நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன், வந்தால் பல்செட் மாதிரி திரும்ப மாட்டிக்கொள்.

அதற்குப் பிறகு நான்கு நாள், மடியில் லேப்டாப்போடு அவர் பக்கத்தில் உட்கார, நான் ஊருக்குள் ஓட்டினேன். மெதுவாக, இன்னும் மெதுவாக என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை கிடையாது. நத்தை வேகத்தில் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் திருத்தினார். சைக்கிளில் போன ஒரு பெரியவர் எங்களை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எல்லாம் சரியான பிறகும் கிளம்பும்போது மட்டும் ஒரு சின்ன உதறல். அவசரம் லேப்டாப்பை மூடிவிட்டு என் காலைப் பார்த்தார். "அண்ணே, பூட்ஸைக் கழட்டுங்க." வேலைக்குப் போடுகிற கனத்த ரப்பர் பூட்ஸ், அதோடுதான் இத்தனை நாளும் மிதித்திருக்கிறேன். வெறுங்காலில் மிதித்தேன், உதறல் போயே போய்விட்டது. கடைசிக் கோளாறு வண்டியில் இல்லை, என் கணுக்காலுக்குக் கீழே இருந்திருக்கிறது.

ரத்தப் பரிசோதனைக்குப் போன அன்று அம்மா கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதி வழியில் ஒரு கையை எடுத்தாள். திரும்பும்போது மற்றதையும் எடுத்துத் தலைமுடியைச் சரி செய்துகொண்டாள். வீடு வந்ததும், பரவாயில்லை என்றாள். அவளிடம் நான் வாங்கிய அதிகபட்ச மார்க் இன்றுவரை அதுதான். எதிர்வீட்டுக்காரர் இப்போது என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, போன வெள்ளிக்கிழமை பகலில் அவளைக் கூட்டிவந்தேன். பின்சீட்டில் காலை நீட்டித் தலையணை வைத்து உட்காரவைத்தோம். ஒரு குலுக்கல் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். இப்போது ஊன்றுகோலோடு சமையலறை வரை போய் என்னைக் குறை சொல்லிவிட்டு வருகிறாள்.

நீ நல்லபடியாக இரு, எடுத்த காரியம் எல்லாம் கைகூடட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட மறக்காதே, வண்டியைப் பற்றிக் கேட்டால் என்னைக் கொஞ்சம் புகழ்ந்து வை. ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தபோது, இது என்ன வழி, இவ்வளவு நேரமா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள், சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், சுற்றி வந்தேன் என்றேன். எந்தச் சாலையையும் யாரும் தோண்டவில்லை. நம் தெருமுனைக்கு வந்தபோது கண்ணாடியில் பார்த்தேன், வாய் லேசாகத் திறந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்படித் தூங்கிப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று. வீட்டைத் தாண்டி மூன்று சுற்று சுற்றினேன்.

இப்படிக்கு,
வெறுங்காலோடு வண்டி ஓட்டும்
உன் அப்பா