தெற்றுப்பல்

நன்னிலம்,
ஜூலை 1999

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் ஆயிஷாவும் சுகம். உங்கள் சங்கதியில்தான் எனக்குச் சந்தேகம்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. குத்தகைக்காரர் கண்ணுசாமி நாற்று விட்டிருக்கிறார். நீங்கள் அனுப்பிய கவுனைப் போட்டுக்கொண்டு உங்கள் மகள் ஆயிஷா தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த உங்கள் ரூம்காரர் ஷஹ்பாஸ் தம்பி கொண்டுவந்த பெட்டியில், சாமான் உடையாமல் உங்கள் பழைய சட்டையைச் சுற்றியிருந்தீர்கள். அதன் பையில் ஒரு சின்ன பாட்டில். ரோஜா நிறத் தண்ணீர், பாதி காலி. திறந்தால் குப்பென்று சாராய நெடி. குடிக்கப் பழகிவிட்டீர்களோ என்று நினைத்துவிட்டேன். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் பேச்சை மாற்றப் பார்த்தார். பிறகு, "வாய் கொப்புளிக்கிற மருந்து அண்ணி. அண்ணன் பல்லுக்குக் கம்பி போட்டிருக்காரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு" என்றார்.

குடி இல்லை என்று வந்த நிம்மதி அந்த நிமிஷமே போய்விட்டது. நாற்பதை நெருங்குகிற மனுஷர் யாருக்காகப் பல்லை நேராக்குகிறார்? நீங்கள் அங்கிருந்து அனுப்புகிற போட்டோவில் எல்லாம் வாயை இறுக்கிக்கொண்டு நிற்பது ஏன் என்று இப்போது புரிகிறது. நான் இடித்து அனுப்பிய மசாலாவில் ருசியே இல்லை என்று போனில் சொன்னீர்களே, வேறு கைச் சமையல் பழகிவிட்டதோ என்று அன்றைக்கே உறுத்தியது.

மனசு கேட்கவில்லை. ஆயிஷாவின் பல்லைக் காட்டுகிற சாக்கில், பாட்டிலோடு கும்பகோணத்துப் பல் டாக்டரம்மாவிடம் போனேன். இதை நெடுநாள் கொப்புளித்தால் நாக்கில் ருசி மட்டுப்படுமாம், பல்லில் பழுப்பும் ஏறுமாம். ஆக, மசாலா விஷயத்தில் உங்களை விட்டுவிட்டேன். கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டுகிற சின்னத் துண்டுகளைச் சுற்றிக் கிருமிகள் படலமாகப் படிந்துவிடுமாம், நம் படித்துறைப் பாசி மாதிரி. மருந்து மேலே இருப்பதைக் கொல்லும், அடியில் ஒட்டியது பிழைத்து மறுபடியும் வளரும் என்றார். பிரஷ்ஷை இடுக்கில் விட்டுத் தேய்க்க வேண்டும், மருந்து அதற்குத் துணை மட்டும்தானாம். "வெறும் மருந்தை நம்புனா வாய் மணக்கும், பல்லு சொத்தையாயிடும்" என்றார்.

நீங்கள் தேய்க்கிறீர்களா, கொப்புளித்துத் துப்பிவிட்டு வேலைக்கு ஓடுகிறீர்களா? உங்களை எனக்குத் தெரியாதா? நீங்கள் அனுப்புகிற சென்ட், கவுன், போனில் கொஞ்சல் எல்லாமே இப்போது எனக்கு வாய் கொப்புளிப்பதாகத்தான் படுகிறது. அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் நிக்காஹ்வுக்கு முன்னால் உங்கள் போட்டோவைக் காட்டினார்கள். அந்தத் தெற்றுப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அதைப் பார்த்துத்தான் சரி என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அது முழுசாக நேராவதற்குள் ஒரு தடவை வந்துவிடுங்கள். கம்பியோடு, என் முன்னால் வாயைத் திறந்து சிரியுங்கள். சிரித்துக்கொண்டே பொய் சொல்ல உங்களுக்கு வராது. மீதி மருந்தை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன், நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ராத்திரியும் பல் தேய்த்துவிட்டுப் படுங்கள். அல்லாஹ் உங்களை எனக்காகவே பத்திரமாக வைத்திருக்கட்டும்.

துஆவுடன்,
ஷமா