வெள்ளையனின் வாலடியில்

மேரி,

வெள்ளையனை மினி வேனில் ஏற்றிக்கொண்டு அரியலூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போகிறேன். ரசம் அடுப்பில் மூடியிருக்கிறது. வாடகை பேசிய மாப்பிள்ளை வீட்டார் வந்தால், ஊர்வலத்துக்குக் குதிரை வராது என்று சொல்லிவிடு.

வால் அழுக்காகாமலிருக்கக் கல்யாண மாதம் முழுக்கத் துணி சுற்றியே வைத்தது என் புத்தி. நேற்று அவிழ்த்தால் வாலடியில் கறுப்பாக நாலு கட்டி. "என்னங்க அது?" என்றாய். "தின்ன நாவப்பழம் முளைக்குது" என்றேன். நீ தலையிலடித்துக்கொண்டு போய்விட்டாய்.

டாக்டரம்மா போனில் சொன்னார்: கறுப்பாய்ப் பிறந்து வெளுக்கிற குதிரைக்கு வயதானால் இந்தக் கட்டி வருமாம், உள்ளே பரவியிருந்தால் பிழைப்பது கஷ்டமாம்.

பி.கு.: இவன் குட்டியில் கறுப்பு என்றதை நீ நம்பவே இல்லை. இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒரே நிஜம் அதுதான். அதுவும் பொய்யாகவே இருந்திருக்கக் கூடாதா.