முதல் இருபது மில்லி

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. ஏறாவூரில் நல்ல மழை. உங்கள் உம்மா இப்போது சுகம்.

நான் தாதியாக இருக்கும் வார்ட்டில்தான் மாமியைச் சேர்த்தோம். இரத்தத்தில் சீனி ஏறியிருந்ததால் சேலைனில் இன்சுலின் கலந்து நானே பூட்டினேன். இன்சுலின் பிளாஸ்டிக் குழாயின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் புதுக் குழாயில் முதல் இருபது மில்லியை ஓடவிட்டுக் கொட்டிவிட வேண்டும். கொட்டப் போனேன்.

"மகள், மருந்தக் கொட்டாத. எத்தின பேருக்கு இது கிடைக்காம இரிக்கி" என்றார் மாமி. ஒரு சோற்றுப் பருக்கையையும் வீணாக்க விடாதவர் அல்லவா? நான் கொட்டவில்லை.

முதலில் போன மருந்தைக் குழாயே குடித்துவிட்டது. சீனி இறங்காததால் டொக்டர் அளவைக் கூட்டினார். பிறகு குழாய் குடிப்பதை நிறுத்தியது. கூட்டிய மருந்து முழுவதும் உடம்புக்குள் போனது. சீனி ஒரேயடியாக விழுந்து, மாமிக்கு ஒரு நாள் முழுக்க நினைவில்லை.

டொக்டர் இன்னும் காரணம் தேடுகிறார். நாளைக்குச் சொல்லிவிடுவேன், வேலை போனாலும் போகட்டும். மாமி தடுத்ததை மட்டும் சொல்ல மாட்டேன்.

இன்று கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்கிறார்: "இந்த நேர்ஸ் மிஸ்ஸி என்ட மருமகள். இவ இரிக்கக்குள்ள எனக்கென்ன பயம்?"

உங்கள் மனைவி