ஆயாவின் கையெழுத்து

ஜூன் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

ஊரையெல்லாம் உட்காரவைத்துப் பாடம் எடுப்பவளுக்கு என்ன குறை, நலமாகத்தான் இருப்பாய். நான்தான் நலமில்லை. குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியாம், மழலையர் பள்ளியில் வேலை பார்க்கும் எல்லோரும் மூன்று மதியம் வந்தே தீர வேண்டுமாம். உன் அலுவலகம் கடிதம் போட்டிருக்கிறது. எல்லோரும் வந்துவிட்டால் பதினாறு வாண்டுகளை யார் பார்ப்பது, நாற்காலிகளா?

பள்ளிப் பொறுப்பாளர் என்று நானும், கூட டீச்சரும் வருகிறோம். ஆயா இங்கேயே இருக்கட்டும். கை கழுவிவிடுகிறாள், கழிப்பறைக்குக் கூட்டிப்போகிறாள், அவளுக்கு எதற்குப் பயிற்சி? வருகைத் தாளில் அவளுக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். நீ கண்டும் காணாமல் இரு.

அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்கா,

மூன்று நாளும் முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாய். குழந்தை சொன்னதை அன்றைக்கே எங்களுக்கு எழுதுங்கள், வீட்டாரிடம் போய் விசாரிக்காதீர்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தியபோது கடிகாரத்தைப் பார்த்தாய்.

ஆயா பெயருக்கு எதிரே இருப்பது யார் எழுத்து என்று எனக்கா தெரியாது? என் மதிப்பெண் அட்டையில் அம்மா கையெழுத்தைப் போட்டுக் காப்பாற்றிய அதே கை. பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவது உன்னிடமா, அவரிடமா? அவரைத்தான் முதலில் அனுப்பியிருக்க வேண்டும். உன்னோடு மல்லுக்கட்ட முடியாமல் தாளை வாங்கி வைத்துவிட்டேன். அடுத்த மாதமாவது அனுப்பு.

சின்னவள்

ஜூன் 15

சின்னவளே,

சான்றிதழ் மூன்றும் வந்தன, சுவரில் மாட்டியாயிற்று. ஆயாவுக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டு அவளை மறுபடி அனுப்பு என்கிறாயே, உனக்கு வேறு வேலையே இல்லையா?

அக்கா

ஜூலை 4

அன்புள்ள சின்னவளுக்கு,

அலுவலகத்தில் கேள்விப்பட்டிருப்பாய். ஆனாலும் நானே எழுத வேண்டும்.

மஞ்சள் பை பாப்பா, நாலு வயது. கழிப்பறையில் சட்டையைத் தூக்கி ஆயாவிடம் முதுகைக் காட்டியிருக்கிறாள். பெல்ட் தடம். யார் என்று கேட்டதற்கு அப்பா என்றாளாம். ஆயாவுக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் அழைத்துப்போக வந்த அந்த அப்பனிடமே, பாப்பா சொல்லி அழுகிறாள், அடிக்காதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறார். அதோடு சரியாகிவிடும் என்று நம்பி என்னிடம் சொல்லவில்லை.

மூன்று நாள் பாப்பா வரவில்லை. நான்காம் நாள் நான் விசாரித்தபோதுதான் ஆயா சொன்னார். அந்த நிமிடமே உங்களுக்கு எழுதினேன். உங்கள் ஆட்கள் போய்ப் பார்த்தபோது பாப்பாவின் இடது கை உடைந்திருந்தது. இப்போது பெரியம்மா வீட்டில் இருக்கிறாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி வருகைத் தாளை ஆயா முன்னால் வைத்து, பயிற்சி எடுத்துமா இப்படிச் செய்தீர்கள் என்றார். ஆயா தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“அடிச்சவர்கிட்டயே சொல்லக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லலையேம்மா.”

இத்தனை நாள் உன் மேலும் உன் அலுவலகத்தின் மேலும் பட்ட எரிச்சலெல்லாம் திரும்பி என் மேலேயே விழுந்தது. அந்தக் கையெழுத்து நான் போட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பொறுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுக்கட்டும். அதுவரை ஆயா பயிற்சிக்கு வருவார், கை கழுவிவிட நான் இருக்கிறேன்.

உனக்குத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் நான் எழுதவில்லை. அதை நீதான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உனக்காக நான் போட்டதெல்லாம் போதும்.

அக்கா