எழுதினவனே வாசிக்கட்டும்

ஜூன் 3, செவ்வாய். விடாத மழை. பால் வெட்டு இல்லை.

எழுத்து கோணல். சில வரி கோட்டுக்கு மேலே, சில வரி கீழே. பிறகு இதை வாசிக்கப் போகிற சவரிமுத்துவே, அதாவது நானே, பொறுத்துக்கொள். ஐம்பது வருடம் ரப்பர் மரத்தில் கத்தி பிடித்த விரல், பேனாவுக்கு மடங்க மறுக்கிறது.

ஆனாலும் சந்தோஷம். முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்த பிறகு, சவர்க்காரக் கட்டி உறையில் உள்ளதை வாசித்தேன். மாவனல்லை பஸ்ஸின் பலகையை நானே வாசித்து ஏறினேன். கண்டக்டரிடம் கேட்கவில்லை. பெரிய ஆள்!

அந்தச் சந்தோஷத்தில் மண். மகள் செல்வி போன கிழமை ரப்பர் பால் வாளியோடு சரிவில் வழுக்கி விழுந்தாள். தலை, முகம் எல்லாம் பால். முடியில் உறைந்துவிட்டது. கழுத்துவரை வெட்ட வேண்டியதாயிற்று. அவளோடு வேலை செய்கிற டெய்சி, அவள் விழுந்ததைப் போனில் பிடித்து, தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாளாம். எனக்கு இன்றுதான் தெரியும். செல்வியின் போன் கட்டிலில் கிடந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"வெள்ளைக்காரி வந்துட்டா."
"துரைசாணிக்கு பவுடர் கூடிப்போச்சு."
"புருசன் ஓடினது இந்த மூஞ்சியப் பாத்துத்தான்."

செல்வியின் புருஷன் விட்டுப் போனது உண்மை. அந்தக் கடைசியை எழுதினவன், அடுத்த வீட்டு வரிசையில், அடுத்த லயத்தில் இருக்கிற ரொஷான். அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக. பொம்மையை வாசிக்க யாரும் படிக்க வேண்டியதில்லை.

உறையையும் பஸ் பலகையையும் விட்டால், பாடப் புத்தகத்துக்கு வெளியே நான் முழுதாக வாசித்த முதல் விஷயம் இது. இதற்கா படித்தேன்?

ஜூன் 5, வியாழன். தூறல்.

செல்வி வேலைக்குப் போகவில்லை. நேற்றும் இல்லை. சோறு அப்படியே. அவள் முகத்தை வெட்டி ஸ்டிக்கர் செய்திருக்கிறார்கள். குரூப்பில் காலை வணக்கத்துக்கும் அதுதான், சம்பளம் பிந்தினாலும் அதுதான்.

டெய்சியிடம் கேட்டேன். "சிரிப்புக்குத்தானே மாமா போட்டேன். இப்பிடிப் போகும்னு யாருக்குத் தெரியும்?"

கங்காணி: "நாலு நாள்ல மறந்துருவாங்கண்ணே. போனை அணைச்சு வைக்கச் சொல்லுங்க."

எதற்கு? தப்பு செய்தது அவள் போனா? விழுந்தவள் ஒளிய வேண்டும், சிரித்தவன் நெஞ்சை நிமிர்த்தி நடக்க வேண்டும். நல்ல நியாயம்! வீட்டுக்கு வந்து தகரக் குவளையைச் சுவரில் எறிந்தேன். நசுங்கிவிட்டது. அதில்தான் பிளேன் டீ குடிக்கிறேன்.

சாயந்தரம் செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு இருக்கவே பிடிக்கலப்பா" என்றாள்.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் என் பாயைப் போட்டிருக்கிறேன். மேலே எழுத முடியவில்லை.

ஜூன் 7, சனி. மழை விட்டுவிட்டு.

நேற்று, எனக்கு எழுத்துச் சொல்லித்தருகிற டீச்சர் வீட்டுக்குப் போய், செல்வி சொன்னதைச் சொன்னேன். மாவனல்லை பிள்ளை, பெயர் பர்ஸானா. "அந்த வார்த்தையைச் சும்மா விடக் கூடாது ஐயா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவம்" என்று கூடவே வந்தார். மனசுக்குப் பார்க்கிற பகுதி. என் மகளுக்கென்ன பைத்தியமா என்று முதலில் சீறினேன். டீச்சர் வாசலில் இறங்கினார். குடையை விரித்தார்.

அங்கிருந்த சிங்கள டாக்டர் நோனாவுக்குத் தமிழ் தெரியாது. செல்வி சிங்களத்திலேயே எல்லாம் சொன்னாள். கதவுக்கு வெளியே நான். அவள் இரண்டு பாஷையிலும் அழுவதை நான் கேட்டாயிற்று. திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பணிஸ் ரொட்டியை முழுதாகத் தின்றாள். அடுத்த வெள்ளி மறுபடி வரச் சொன்னார்கள். அதுவரை தனியே விடக் கூடாது.

டீச்சர் சொன்னவை:
பதில் எழுத வேண்டாம்.
எல்லாவற்றையும் படம் பிடித்து வைக்க வேண்டும், பொலிஸில் முறைப்பாடு கொடுக்க உதவும்.
குரூப் நடத்துகிறவரிடம் அழிக்கச் சொல்ல வேண்டும்.

நடத்துகிறவர் கங்காணியின் தம்பி. டீச்சரே பேசினார். அழித்துவிட்டான். ஆனால் எத்தனை போனுக்குப் போனதோ.

எனக்கு ஆறவில்லை. திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, குரூப்பில் எழுதினதை எல்லோர் முன்னாலும் வாசிக்கப் போகிறேன் என்றேன்.

செல்வி: "நீங்க எழுத்துக்கூட்டி வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் பத்துத் தரம் விழணுமாப்பா?"

சரிதான். என் கோபத்துக்கு அவளை மறுபடி விழவைக்கப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "எழுதினவன் வாசிக்கட்டும். அவன் வீட்டுக்குள்ள. எம்பேரு வேண்டாம்."

ஜூன் 8, ஞாயிறு. வெயில்.

எங்கள் லயங்களில் ஒரு வழக்கம். கடிதமோ மருந்து எழுதின துண்டோ, படிக்காதவர் நீட்டினால் படித்தவர் வாங்கி உரக்க வாசிக்க வேண்டும். உலையில் அரிசி கொதித்தாலும் சரி. முடியாது என்று யாரும் சொன்னதில்லை. எனக்கு ஐம்பது வருடம் அப்படித்தான் வாசித்தார்கள்.

குரூப்பில் ரொஷான் எழுதினதை ஒரு தாளில் என் கையாலேயே எழுதினேன். அந்தச் சொற்களை எழுதக் கை கூசியது. பூசை முடிந்து ரொஷான் வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில், ஏறினேன். அவனுக்குக் கொழும்பில் துணிக்கடையில் வேலை. லீவில் வந்திருக்கிறான். அவன் அம்மா ராணி மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு."

"தாத்தா இப்ப ஸ்கூல் போறீங்களாமே! எழுத்தப் பாரு, கோழி கிண்டின மாதிரி." சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். "புருசன்... ஓடினது... இந்த..."

நின்றுவிட்டான். காது சிவந்தது.

"என்னடா, வாசியேன்" என்றாள் ராணி. "வயசான மனுசன் நிக்கிறாரு."

"மீதியையும் வாசி தம்பி" என்றேன்.

வாசித்தான். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ராணி உலக்கையைக் கீழே வைத்தாள். "யாரு எழுதினது இது?"

"நான்தாம்மா."

ராணியின் புருஷனும் ஓடினவன்தான். மகன் அதை மறந்தே எழுதியிருக்கிறான். ராணி அடிக்கவில்லை, திட்டவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். எனக்குப் பாவமாக இல்லை. இன்னும் இல்லை.

ஜூன் 9, திங்கள். காலையில் மூட்டம், மழை இல்லை.

செல்வி வேலைக்குப் போனாள். வெட்டின முடியைத் துணியால் மூடவில்லை. பெரட்டு வரை நானும் பின்னால் நடந்தேன். டெய்சி ஓடி வந்து கையைப் பிடித்தாள். "கோபமா அக்கா?"

"ஆமா கோபந்தான். 'வீடியோ எடுத்தது நான், அது தப்பு'ன்னு குரூப்ல உம்பேர்ல எழுது. பொறகு வா, பேசலாம்." செல்வி கையை உதறிவிட்டு மலை ஏறினாள்.

ஆட்கள் என்னிடம், "ஒங்க மக தைரியசாலிண்ணே" என்கிறார்கள். எரிகிறது. பால் வெட்டப் போக ஒருத்திக்கு எதற்குத் தைரியம் வேண்டும்? கத்தியும் வாளியும் போதாதா?

அடுத்த கிழமை டெய்சி எழுதினதை இங்கே எழுதுவேன். எழுதவில்லை என்றால் அதையும்.